புது மோட்டார் வாங்கியாச்சு, கடைக்காரர் கண்டுக்கலையா? ஜொகூர் பயனீட்டாளருக்குச் சட்டம் தரும் உரிமை என்ன?

ஜொகூர் பாருவில் விடியற்காலை ஐந்து மணிக்குக் காசுவே பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மோட்டார் என்பது இங்கே பொழுதுபோக்குப் பொருள் அல்ல. மாசாய், ஸ்கூடாய், கூலாய், பாசிர் கூடாங் என்று எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. புது மோட்டார் எடுத்த ஒரு மாதத்திலேயே அது பட்டறையில் நின்றுவிட்டால், அன்றைக்குச் சம்பளம் போச்சு. பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே எழ வேண்டும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

இந்த நிலையில் கடைக்குப் போனால் கேட்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான். "ஸ்பேர் பார்ட் பெலும் சாம்பாய், அடுத்த வாரம் வாங்க." "இது ஃபேக்டரி பிரச்சினை பாஸ், நாங்க வித்ததோட சரி." "வாரண்டியில வராது." நான்காவது வாரமும் அதே பதில் வரும்போது, பலர் தலையெழுத்து என்று விட்டுவிட்டு வெளியே சொந்தக் காசில் சரிசெய்து கொள்கிறார்கள். முகநூலில் ஒரு பதிவு போட்டு மனதை ஆற்றிக்கொள்வதும் உண்டு.

ஆனால் மலேசியச் சட்டத்தின்படி அந்த மூன்று பதில்களில் ஒன்றுகூட முழுமையான பதில் அல்ல. விற்ற கடைக்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெற 5 ரிங்கிட் கட்டணத்தில் ஒரு நடுவர் மன்றமும் இருக்கிறது.

வாரண்டி அட்டைதான் எல்லாமா?

இல்லை. பலர் குழம்பும் இடம் இதுதான்.

வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாகத் தரும் வாக்குறுதி. மலேசியாவில் விற்கப்படும் பல மோட்டார் வகைகளுக்கு அது 2 ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. கிராமத்தில் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறவருக்கு 2 ஆண்டு முழுசாகக் கிடைக்கும். ஜொகூரில் இருந்து எல்லை தாண்டுகிறவர் கணக்கு வேறு. போக வர ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2,080 கிலோமீட்டர். பத்து மாதத்திலேயே 20,000 தாண்டிவிடும். ஆக, "ரெண்டு வருஷ வாரண்டி" என்று கடையில் சொன்னது இவருக்கு ஒரு வருஷம்கூட வராது.

இங்கேதான் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த இச்சட்டம், ஒரு பொருளை விற்கும்போதே சில உத்தரவாதங்கள் அந்த விற்பனைக்குள் தானாக அடங்கிவிடுகின்றன என்கிறது. யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதில் முக்கியமானது 32ஆம் பிரிவு: பொருள் "ஏற்கத்தக்க தரத்தில்" இருக்க வேண்டும். அதாவது, அந்த வகைப் பொருள் எதற்காகப் பயன்படுமோ அதற்குத் தகுந்ததாக, பாதுகாப்பானதாக, சின்னச் சின்னக் குறைகள் இல்லாததாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும். பொருளின் தன்மை, விலை, விற்கும்போது சொல்லப்பட்டவை எல்லாவற்றையும் வைத்து ஒரு நியாயமான மனிதர் இதை ஏற்பாரா என்று பார்ப்பார்கள்.

இந்த உத்தரவாதத்துக்கு 20,000 கிலோமீட்டர் என்ற எல்லைக்கோடு கிடையாது. 21,000 கிலோமீட்டரில் ஒரு புது மோட்டாரின் என்ஜின் உள்பாகம் உடைந்தால், வாரண்டி முடிந்தது உண்மைதான். ஆனால் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரு என்ஜின் அவ்வளவு சீக்கிரம் உடையலாமா என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. அதே சமயம் பிரேக் பட்டை, டயர், செயின் போன்ற தேயும் பாகங்களுக்கு இதே வாதத்தை வைத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். அவை தேயத்தான் செய்யும்.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "விற்ற பொருளுக்குக் கடை பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தால்? சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் இச்சட்டம் பொருந்தும் என்கிறது. அந்த வரி பயமுறுத்த மட்டும்தான் உதவும்.

"ஃபேக்டரியைப் போய் கேளுங்க" என்றால்?

கேட்கலாம். ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

சட்டம் இரண்டு பேரைப் பொறுப்பாக்குகிறது. ஒருவர் விற்றவர், அதாவது வழங்குநர். மற்றவர் தயாரிப்பாளர். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவர் தயாரிப்பாளர் இடத்தில் வைத்துப் பார்க்கப்படுவார். பயனீட்டாளர் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். குறை எங்கே பிறந்தது, கெடாவிலா, ஜப்பானிலா, கடைக்குப் பின்னாலுள்ள பட்டறையிலா என்பது கடைக்காரரும் தயாரிப்பாளரும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வாங்கியவரைப் பந்து மாதிரி இங்கும் அங்கும் உதைப்பதற்கு அது காரணமாகாது.

முதல் படியாக, சரிசெய்யக்கூடிய குறை என்றால் கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் பழுது பார்க்கலாம், அதே மாதிரி வேறொன்று தரலாம், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பலாம். அவர் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, பார்த்தும் சரியாகவில்லை என்றாலோ, நீங்கள் வேறிடத்தில் சரிசெய்து அந்த நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம். இல்லையென்றால் மோட்டாரையே வேண்டாம் என்று நிராகரிக்கலாம்.

குறை "கணிசமானது" என்றால் வாய்ப்புத் தராமலேயே நிராகரிக்கும் உரிமை உண்டு. எது கணிசமானது என்பதை 44ஆம் பிரிவு சொல்கிறது. இப்படி ஒரு குறை இருப்பது முன்பே தெரிந்திருந்தால் நியாயமான எவரும் வாங்கியிருக்க மாட்டார் என்ற நிலை ஒன்று. பாதுகாப்பற்றது என்பது இன்னொன்று. நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் தானாக அணைந்துபோகும் மோட்டார், பெயிண்ட் கீறலோடு வந்த மோட்டாருக்குச் சமம் ஆகாது.

இதற்கு மேல், குறையால் வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய நஷ்டத்தையும் கேட்க இடமுண்டு. மோட்டாரை ஏற்றிப்போன லாரிச் செலவு, அந்த நாட்களில் ஆன பஸ் கட்டணம் போன்றவை. ரசீது இருந்தால்தான் பேச்சு.

இந்தச் சட்டம் பெரிய வழக்குகளிலும் நின்று காட்டியிருக்கிறது. புஞ்சாக் நியாகா நிறுவனம் வாங்கிய ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் கார் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பென்ஸுக்குப் பொருந்துகிற 32ஆம் பிரிவு, கப்சாய்க்கும் அப்படியே பொருந்தும். சட்டத்தில் சிசி கணக்கு இல்லை.

பார்ட்ஸ் வரலைன்னா யார் பொறுப்பு?

மோட்டார் கடை மீது வரும் ஆதங்கங்களில் இதுதான் மிகவும் சலிப்பூட்டுவது. யாரும் சண்டை போடுவதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. "ஆர்டர் போட்டாச்சு" என்பார்கள். வாரம் மாதமாகும்.

37ஆம் பிரிவின்படி, பொருளை விற்ற பிறகு நியாயமான காலத்துக்கு உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்றவரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். "இதற்கு இங்கே பார்ட்ஸ் கிடைக்காது" என்று வாங்கும்போதோ அதற்கு முன்போ தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டுமே அவர்கள் தப்பிக்கலாம். ஊரில் பெயர் தெரியாத வெளிநாட்டு மாடலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கும்போது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள்.

காசு கொடுத்துச் செய்யும் சர்வீஸுக்கும் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். எப்போது தருவோம் என்று பேசவில்லை என்றால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும். விலை பேசவில்லை என்றால் நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சர்வீஸுக்கு விட்ட மோட்டார் புதிய கீறலோடோ புதிய சத்தத்தோடோ திரும்பி வந்தால், வாரண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த அத்தியாயம் போதும்.

கோபத்துல தவணையைக் கட்டாம விடலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நிதானம் தப்பினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் மோட்டார் உங்கள் கையில் இருக்காது.

கடனில் எடுத்த மோட்டார் பொதுவாக 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும். மோட்டார் சைக்கிளும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி உரிமையாளர் கடன் நிறுவனம்தான். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர்கள் மோட்டாரை இழுத்துச் செல்லலாம். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை வேண்டும். புது மோட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாக் கனி.

கடைக்காரர் மீதுள்ள கோபம் கடன் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வெறும் "தவணை தவறியவர்" என்றுதான் பதியும். ஆகவே தவணையைக் கட்டிக்கொண்டே புகார் செய்யுங்கள். மோட்டாரில் என்ன குறை, கடையில் எப்போது விட்டீர்கள் என்பதைக் கடன் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள். மோட்டார் கடையே ஏற்பாடு செய்து கொடுத்த கடன் என்றால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் "வழங்குநர்" என்ற சொல்லுக்குள் அந்தக் கடன் நிறுவனமும் அடங்க இடமிருக்கிறது. கோரிக்கை போடும்போது இருவர் பெயரையும் சேர்ப்பது பற்றி நடுவர் மன்றப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம்ம பக்கம் என்ன தப்பு இருக்கக்கூடாது?

கடைக்காரர் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: மோட்டாரில் கை வைத்திருக்கிறார்களா?

எக்சோஸ் மாற்றியது, போர் பெரிதாக்கியது, வயரிங்கில் ஹார்ன், விளக்கு என்று இழுத்தது எல்லாம் ஜொகூர் இளைஞர்களுக்குப் புதிதல்ல. பொருளை நியாயமற்ற விதத்தில் பயன்படுத்தியதால் வந்த குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்று சட்டம் அவருக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எக்சோஸை மாற்றிவிட்டு மீட்டர் விளக்கு எரியவில்லை என்று கேட்டால், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று வாதாடலாம். போரை மாற்றிவிட்டு என்ஜின் போச்சு என்றால் வாதாட ஒன்றும் மிஞ்சாது.

சர்வீஸ் புத்தகத்தில் முதல் சர்வீஸில் இருந்து முத்திரை இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஷிஃப்ட் வேலையில் சர்வீஸ் தேதி தள்ளிப்போவது சகஜம். ஆனால் ஓட்டம் அதிகமுள்ளவருக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு சீக்கிரம் வரும். தேதியைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள்.

இன்னொன்று தாமதம். நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எட்டு மாதம் ஓட்டிவிட்டு, முதல் நாள் தெரிந்த குறைக்காக இப்போது வேண்டாம் என்றால் அந்த உரிமை போயிருக்கும். பழுதுச் செலவும் நஷ்டமும் கேட்கும் வழி வேண்டுமானால் மிச்சமிருக்கலாம். நிராகரிப்பதை வாயால் சொன்னால் போதாது. காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளும் அதே மோட்டாரில் காசுவே ஏறினால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

வாய்ப்பேச்சு போதாது, காகிதம் வேணும்

பிரச்சினையில் சிக்கிய பலரிடம் இருப்பது கோபமும் ஞாபகமும் மட்டும். பட்டறையில் மோட்டாரை விடும் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, மீட்டர் அளவு, நீங்கள் சொன்ன குறை மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "சும்மா பார்த்துத் தர்றேன், பேப்பர் எதுக்கு" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதாகவே இருக்கலாம். ஆனால் நான்கு முறை போனதற்கு ஒரு காகிதமும் இல்லையென்றால், நீங்கள் போனதே இல்லை என்றாகிவிடும்.

பேப்பர் தர மறுத்தால் அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "இன்று இந்த மோட்டாரை விட்டேன், இன்ன குறை, மீட்டர் இவ்வளவு." பதில் வராவிட்டாலும் அது பதிவு. குறை தோன்றும்போது மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி ஓடுகிற மோட்டார்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

புது மோட்டார் கைக்கு வந்தும் பதிவு வேலை முடியாமல் கிடக்கும் பிரச்சினையும் உண்டு. சாலை வரி 2023இல் இருந்து மின்னியல் வடிவில் இருப்பதால், மைஜேபிஜே செயலியில் உங்கள் பெயரில் வாகனம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஏறாத மோட்டாரைக் கடைக்காரர் பேச்சை நம்பிச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

சரி, அப்பவும் கடைக்காரர் அசையலைன்னா?

முதலில் எழுத்தில் ஒரு கடைசிக் கடிதம். என்ன குறை, எத்தனை முறை வந்தேன், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். நான்கு வரி போதும். திட்ட வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பிறகு படிக்கப் போகிறவர் ஒரு நடுவர்.

அதன் பிறகு உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். அமைச்சின் இலவசத் தொலைபேசி 1-800-886-800. இணையம் வழியாகவும் புகார் தரலாம். அமைச்சு தலையிட்டதும் சில கடைகள் வழிக்கு வந்துவிடும். தேசிய பயனீட்டாளர் புகார் மையமும் இரு தரப்புக்கும் நடுவே பேசிப் பார்க்கும். ஆனால் உங்களுக்கு இவ்வளவு பணம் கொடு என்று ஆணையிடும் அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது.

அதுதான் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா. அதே 1999 சட்டம்தான் இதையும் உருவாக்கியது. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மட்டும் கேட்டது. பிறகு அது 25,000 ஆனது. 2019 திருத்தத்தில் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. சாதாரண மோட்டாரின் முழு விலையும் இதற்குள் அடங்கும். ஜொகூர்வாசிகள் இதற்காகக் கோலாலம்பூர் போக வேண்டியதில்லை, ஜொகூர் பாருவிலேயே மனுக் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் பதியலாம்.

போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்ட வேண்டும். அதன் பிரதியைக் கடைக்காரருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அவர் 14 நாளுக்குள் போராங் 2இல் பதில் தர வேண்டும். இதில் பலர் சறுக்குவது எதிர்த்தரப்பின் பெயரில். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ரசீதில் வேறொரு செண்டிரியான் பெர்ஹாட் என்று இருக்கும். ரசீதில் உள்ள பதிவு எண்ணை வைத்து எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பெயரைச் சரிபார்த்து எழுதுங்கள். தவறான பெயர் மீது வரும் தீர்ப்பை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

வழக்கறிஞர் கிடையாது, இரு தரப்புக்கும்தான். பெரிய நிறுவனம் என்றாலும் அதன் ஊழியர் ஒருவர்தான் வந்து உட்கார வேண்டும். நடுவர் முதலில் சமரசத்துக்கு முயல்வார். ஒத்துவராவிட்டால் விசாரித்துத் தீர்ப்புத் தருவார். விசாரணை தொடங்கி 60 நாளுக்குள் தீர்ப்பு என்பது சட்டம் வைத்திருக்கும் இலக்கு. பழுதுபார்த்துத் தரச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். மலாய் பேசத் தயங்குகிறவர்கள், தேதிவாரியாக நடந்ததை ஒரே தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது. பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் கோரிக்கை போட வேண்டும். அடுத்து, உடல் காயமோ உயிரிழப்போ சம்பந்தப்பட்ட கோரிக்கையை இம்மன்றம் கேட்காது. புது மோட்டாரின் பிரேக் பிடிக்காமல் விழுந்து கை உடைந்தால், கைக்கான நஷ்டஈட்டுக்குச் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அந்த நிலையில் வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

"தீர்ப்பு வந்தும் கொடுக்கலைன்னா என்ன செய்யறது?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. இம்மன்றத்தின் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமம். 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றவியல் குற்றம், அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. 14 நாள் கழித்தும் பணம் வராவிட்டால் மீண்டும் கடை வாசலில் நிற்க வேண்டாம், நடுவர் மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

சிங்கப்பூர்ல "லெமன் சட்டம்" இருக்காமே?

இருக்கிறது. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அங்கே நடப்பில் உள்ளது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. நம் ஊரில் அந்தச் சுமை வாங்கியவர் தோளில் இருக்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஜாப் ஷீட்டையும் வீடியோவையும் இவ்வளவு வற்புறுத்தியதும் இதனால்தான்.

மலேசியாவிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பயனீட்டாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அங்கே தினமும் வேலைக்குப் போகிறோம் என்பதற்காக அங்குள்ள சட்டம் ஜொகூர் கடையில் வாங்கிய மோட்டாருக்குப் பொருந்தாது. இங்கே வாங்கிய மோட்டாருக்கு இங்குள்ள போராங் 1தான்.